ஆலா போன திசை

ஒரு கடல் நடுவுல ஒரு தீவு இருந்துச்சாம். தீவுன்னதும் மலை, தோப்புன்னு நினைச்சுக்காதே. தரையோட தரையா வெறும் மணல்தான். ஆனா அந்த மணலே தெரியாம ஆலாக் குருவிங்க. கால் வைக்கிற இடமெல்லாம் முட்டை, குஞ்சு. கீச்சு கீச்சுன்னு காதே அடைச்சுப் போகும். கரையில ஆமை ஏறி வரும், சரக் சரக்னு. கேக்குறியா?

"ம்."

அங்க மிக்கேல்னு ஒருத்தன் குடிசை போட்டு மீன் பிடிக்கப் போனான். கூட அவன் பொண்டாட்டி பிரகாசி. வாரத்துக்கு ஒருதரம் ஊர்ல இருந்து குடிதண்ணி வள்ளம் வரும். மத்தபடி மனுச வாடையே கிடையாது. போகும்போது ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "அந்தத் தீவுக்குப் பூனை மட்டும் கொண்டு போகாதீங்க." ஏன்னா, பூனை வந்தா ஆலா அங்க தங்காது. காலையில ஆலா எங்க பாயுதோ அங்க மீன். சாயங்காலம் ஆலா எங்க திரும்புதோ அங்க வீடு. மிக்கேலுக்கு வேற அடையாளம் இல்ல.

ஆனா பிரகாசிக்குப் பிள்ளை இல்ல. ஒரு பூனைதான் பிள்ளை. கருவாட்டுக் கூடையில ஒளிச்சுக் கொண்டு வந்துட்டா பாவிமக.

அப்புறம் ஒருநாள் மிக்கேல் கேட்டான், "என்ன புள்ள, வாசல் பூரா இறகு?"

"காத்துல வந்திருக்கும்"னா.

அப்புறம் இன்னொரு நாள் கூடைக்குள்ள மியாவ்னு சத்தம். அவன் திட்டல. "தண்ணி வள்ளம் வந்தா ஏத்தி விட்டுரு"ன்னான். வள்ளம் வந்தப்போ அவன் கடல்ல இருந்தான். திரும்பி வந்ததும், "ஏத்தி விட்டுட்டேன்"னா. பூனை பானைக்குப் பின்னாடிதான் படுத்திருந்துச்சு.

மூணாவதா, பூனை நாலு குட்டி போட்டுச்சு. அஞ்சு வாய் ஆயிருச்சு. கீச்சு கீச்சு சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. "உண்மையைச் சொல்லு பிரகாசி. குஞ்சையெல்லாம் எது தின்னுது?"

"மாதா மேல சத்தியமா நண்டுதான்."

ஆசைப் பொண்டாட்டி சொன்னா நம்பாம என்ன செய்வான்? நம்பிட்டான்.

"ம்..."

அப்போ ஒருநாள் பொழுது சாயுற நேரம். தீவே எந்திரிச்ச மாதிரி சடசடசடன்னு அத்தனை ஆலாவும் கிளம்பிச்சு. தெக்க பாத்து, நடுக்கடலைப் பாத்துப் போகுது. பிரகாசி வெளியே ஓடி வந்தா. மணல் மேட்டுல ஏறிப் பாத்தா, தூரத்துல அவன் வள்ளத்துப் பாய். வீட்டைப் பாத்து வந்துக்கிட்டிருந்த பாய் மெல்லத் திரும்புது. எப்பவும்போல ஆலா பின்னாடியே போறான். வீட்டுக்குப் போறோம்னு நினைச்சுக்கிட்டே போறான்.

கத்தினா. அலை சத்தம்தான் பெருசு. குடிசை ஓலையைப் பிச்சுப் போட்டு எரிச்சா, புகை குபுகுபுன்னு போச்சு. அவன் ஏன் திரும்பிப் பாக்கப் போறான்? அவனுக்கு ஆலா இருக்கே. பாய் நகமளவு ஆச்சு, அப்புறம் அதுவும் இல்ல.

"வந்தாரா?"

வரலடா கண்ணு. இன்னைக்கு வரைக்கும் வரல.

"பூனையை அடிச்சாளா?"

கல்லை எடுத்தாதான். அது வந்து காலை உரசுச்சு. கல்லைப் போட்டுட்டு மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வேற யாரு இருக்கா அவளுக்கு?

கதையும் ஓய்ஞ்சுது. கண்ணை மூடு, நீயும் ஓயி.