பட்டாணிக்குருவியும் சாம்பல் அந்துகளும்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் கரிச்சானும் கொண்டைக்குருவியும் பட்டாணிக்குருவியும் கூட்டாக இரை தேடி வந்தன. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கரிச்சான் உச்சிக்கிளையில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும். இரை தெரிந்ததும் அதன் பெயரைச் சொல்லிக் கூவும். மற்ற இரண்டும் மறுபேச்சில்லாமல் போய்த் தின்னும்.

மார்கழி வந்தது. மூன்று நாளாகப் பனிமூட்டம் விலகவே இல்லை. புழுவும் இல்லை, பழமும் இல்லை. மூன்றும் பசியோடு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டே இருந்தன. பட்டாணிக்குருவிதான் ஆகச் சிறியது. பொழுது சாய்வதற்குள் நாலு பூச்சியாவது தின்னாவிட்டால் அது அன்றைய இரவுக் குளிரைத் தாங்காது. இது அந்தக் குருவிக்கும் தெரிந்திருந்தது.

பிற்பகலில் கரிச்சான் கூவியது.

"நாவல் அந்து! மருதமரத்தில் நாவல் அந்து! ஓடி வாருங்கள்!"

மருதமரத்துப் பட்டையில் இருபது முப்பது அந்துப்பூச்சிகள் குளிரில் விறைத்து ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் சாம்பல் நிறம். எல்லா இறக்கையிலும் இரண்டு கரும்புள்ளிகள்.

பட்டாணிக்குருவி அலகைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"அண்ணா, எருக்கம் அந்தும் இதே சாம்பல்தானே?"

"அதற்கு மூன்று புள்ளி! இதற்கு இரண்டு! உனக்கு எண்ணத் தெரியாதா?"

நாவலிலை தின்று வளர்ந்த அந்து நல்ல இரை. எருக்கிலை தின்று வளர்ந்த அந்துக்கோ உடம்பெல்லாம் நஞ்சு. பெரிய பறவை தின்றால் வாந்தி எடுத்துக் கிடக்கும். சின்னப் பறவை தின்றால் எழுந்திருக்காது.

"பனியிலும் காற்றிலும் இறக்கைத் தூள் உதிர்ந்திருக்கிறது அண்ணா. மூன்றாவது புள்ளியும் அதோடு உதிர்ந்திருந்தால்?"

கொண்டைக்குருவிக்கு ஆத்திரம் வந்தது. "பூச்சிக்கு ஜாதகம் பார்க்கிறாள் பாருங்கள்! இவள் பொருத்தம் பார்த்து முடிப்பதற்குள் எனக்குக் கருமாதியே நடந்துவிடும்!"

பட்டாணிக்குருவி பட்டையை ஒட்டிப் போய்ப் பார்த்தது. மரத்தில் மேலே ஏறியது, கீழே இறங்கியது, சுற்றி வந்தது. பனிக்குள் சூரியன் சிவக்கத் தொடங்கியிருந்தது. வயிறு இழுத்துப் பிடித்தது. ஆனாலும் பார்த்தது.

சில அந்துகள் இறக்கையை விரித்துப் பட்டையோடு பட்டையாக அழுந்தியிருந்தன. சில, ஓட்டுக்கூரை போல இறக்கையை மடித்து வைத்திருந்தன. அப்படியானால் இங்கே இருப்பது ஒரு இனம் இல்லை, இரண்டு! எது எந்த இனம்?

"நீங்கள் யார்?" என்று பட்டாணிக்குருவி பூச்சிகளையே கேட்டது.

"எருக்கம் அந்து! நாங்கள் எருக்கம் அந்து! தொட்டால் செத்தாய்!" அழுந்தியிருந்தவை எல்லாம் ஒரே குரலில் கத்தின.

கூரைபோல் மடித்தவை வாயே திறக்கவில்லை. அவற்றில் ஒன்று சோம்பலாக மீசையை ஆட்டியது.

"கேட்டாயா? எருக்கம் அந்து தானாகவே ஒப்புக்கொண்டது! பேசாமல் இருப்பதுதான் நாவல்!" கொண்டைக்குருவி பாய்ந்தது. கூரை இறக்கை அந்துகள் இரண்டை முழுசாக விழுங்கியது.

பட்டாணிக்குருவியோ கத்தியவற்றின் பக்கம் போனது.

"அடி பைத்தியமே!" கரிச்சான் கிளையிலிருந்து அலறியது. "அது நஞ்சு என்று அதுவே சொல்கிறதே!"

"உண்மையிலேயே நஞ்சு இருந்தால் அது ஏன் இப்படிப் பட்டையோடு ஒளிந்துகொண்டு கத்த வேண்டும் அண்ணா? நஞ்சுள்ளதுக்கு என்ன பயம்?"

ஒன்றைக் கொத்தி விழுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது. வயிற்றில் மெல்லச் சூடு பரவியது.

"ஐயோ, வயிறு! என் வயிறு!" அதற்குள் கொண்டைக்குருவி குளக்கரையில் விழுந்து உருண்டது. விழுங்கிய இரண்டும் வெளியே வந்தன. தலை சுற்றியது. கால் நிற்கவில்லை.

பட்டாணிக்குருவி அவசர அவசரமாக இன்னும் மூன்று பூச்சிகளைத் தின்றது. கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஐந்தாவதை அலகில் கவ்விக் கொண்டுபோய்க் கொண்டைக்குருவியின் முன்னால் வைத்தது.

"இது நாவல் அந்து, அக்கா. தின்றுவிடு. இன்றைய குளிரைத் தாண்டிவிடலாம்."

கொண்டைக்குருவி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. "நன்றாகப் பார்த்துத்தானே கொண்டுவந்தாய்?"

"நன்றாகப் பார்த்தேன் அக்கா."

பெயரைக் கேட்டதும் பொருளை அறிந்துவிட்டதாக நினைப்பவர் ஏமாறுவார். பசி துரத்தும்போதும் நின்று பார்ப்பவரே பிழைப்பார்.