அஞ்சுக்கு அஞ்சு

“சாமி, என் ஆராய்ச்சியில எங்க தப்பு நடந்துச்சு?”

கேட்டவர் டாக்டர் திருமாறன். வயதானவர்களுக்கு மறதி நோய் வராமல் தடுப்பது எப்படி என்று பதினெட்டு வருடமாக ஆராய்கிறவர். மற்ற ஊர்களில் அவர் மேடையில் இருப்பார், கேள்வி கேட்பவர்கள் கீழே இருப்பார்கள். சிறுமலை அடிவாரத்து இந்த ஆசிரமத்தில் மட்டும் அவர் தரையில் உட்காருவார். சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

“என்ன ஆச்சு?”

“நேத்து அம்மா என்னைப் பார்த்து, ‘யார் தம்பி நீங்க’ன்னு கேட்டாங்க.”

சாமி கொஞ்சம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

“எப்படி சாமி? நான் சொன்ன சாப்பாடு, நான் சொன்ன நடை, நான் சொன்ன தூக்கம். மாசா மாசம் நானே டெஸ்ட் வைக்கிறேன். அஞ்சு வார்த்தை சொல்லுவேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு அதைத் திருப்பிக் கேப்பேன். ஒரு தடவைகூட மார்க் குறைஞ்சதில்ல. போன வாரமும் அஞ்சுக்கு அஞ்சு.”

“என்ன வார்த்தை?”

“குடை, வெண்டைக்காய், ரயில், ஊசி, கோபுரம்.”

“எப்பவும் இதேதானா?”

“இது நான் உருவாக்கின டெஸ்ட், சாமி. இப்போ நிறைய இடத்துல இதைத்தான் வைக்கிறாங்க.”

இந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

“வார்த்தையெல்லாம் யார் பொறுக்கினது?”

“நான்தான். அம்மா தோசை சுடும்போது பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லிப் பார்ப்பேன். வயசானவங்களுக்குப் பழக்கமான வார்த்தையா இருக்கணுமில்லையா? நான் முட்டைக்கோஸ்னு வெச்சிருந்தேன். அம்மாதான், ‘வெண்டைக்காய்னு மாத்துடா’ன்னு...”

டாக்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

கேள்வித்தாளை முன்கூட்டியே யாருக்கும் காட்டக் கூடாது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர். முகம் சுண்டிப்போனது.



“எங்க அம்மாவே சாட்சின்னு மேடைக்கு மேடை சொல்லியிருக்கேன், சாமி. அடுத்த வாரம் டெல்லியிலயும் அம்மாவோட மார்க்கைத்தான் காட்டுறதா இருந்தேன். இனி எப்படி நாலு பேர் முன்னால தலைகாட்டுவேன்? வெட்கமா இருக்கு.”

“அம்மா எங்க?”

“கூட்டிட்டு வந்திருக்கேன். உங்க சமையல்கட்டு வாசல்ல உக்காந்து அவரைக்காய் நார் உரிக்கிறாங்க.”

சாமி கையை நீட்டினார்.

டாக்டருக்குப் புரியவில்லை.

சாமி அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார். கேள்வித்தாள் நான்காக மடித்து அதில் இருந்தது. ஆசிரமத்துக்கு வரும்போதுகூட அது இல்லாமல் அவருக்கு ஆகாது.

எடுத்துக் கொடுத்தார். சாமி அதைத் தன் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“இப்போ போய் அம்மா பக்கத்துல உக்காருங்க.”

“போய் என்ன கேக்கணும், சாமி?”

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் வெறுங்கையோடு போய் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு அவரைக்காயை எடுத்தார்.

“இந்த ஓரத்துல கிள்ளுங்க, தம்பி. அப்பத்தான் நார் முழுசா வரும்.”

கிள்ளினார். வந்தது.

மகனை அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

“என்னம்மா முணுமுணுக்கிறீங்க?”

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. எனக்கு முன்ன மாதிரி எதுவும் மனசுல நிக்கிறதில்ல. கதவைப் பூட்டினேனா, சாப்பிட்டேனா, ஒண்ணும் தெரியல. பயமா இருக்கு. பையன் வந்து கேப்பான். தப்பாச் சொன்னா அவனுக்கு முகமே வாடிப்போகும். அதான் இந்த அஞ்சை மட்டும் விடாமச் சொல்லிக்கிட்டே இருக்கேன். குடை, வெண்டைக்காய், ரயில், ஊசி, கோபுரம். சரியா இருக்கா?”

“சரியா இருக்கும்மா.”

டாக்டருக்குத் தலை நிமிரவில்லை. கையிலிருந்த காயையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“இந்தப் பயத்தை உங்க பையன்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னுதான் இருப்பேன்,” என்றார் அம்மா. “அஞ்சும் சரியா வந்ததும் அவன் எழுந்து போயிடுறான்.”