பதினோராவது குவளை

சொல்ல வந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வடிவு தயங்கித் தயங்கி வந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். குரு தில்லையம்மை அவளைவிடப் பத்து வயது இளையவர்தான். ஆனால் ஒரு சொல் பிசகினாலும் பிடித்துக்கொள்வார்.

“அம்மா, சாயந்திரம் பிச்சம்மையை மடம் வெளியே அனுப்பப் போகுதாம். தொழுவத்தைத் திறந்து போட்டு, கன்னுக்குட்டியைக் குளத்துல சாகவிட்டாளாம்.”

“விட்டாளா?”

“இல்லம்மா. அந்நேரம் அவ என் காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்தா.”

“சபையில சொல்லுங்க.”

“பழி சொல்றது ராஜாமணி அக்கா. அவளை எதிர்த்தா அடுத்தது நான்தான். எனக்குப் போக்கிடம் ஏது?” வடிவு முந்தானையைத் திருகினாள். “மடம் அனுப்பினா, நான் அனுப்பினதா ஆகுமாம்மா?”

குரு சமையற்கட்டுப் பக்கம் கைகாட்டினார்.

“மத்தியானம் சாப்பிட்டதும் குவளையைக் கவிழ்க்காதீங்க.”

அந்த மடத்தில் சாப்பிட்டு முடித்தவர் தம் குவளையைக் கவிழ்க்க வேண்டும். பன்னிரண்டும் கவிழ்ந்த பிறகே சமையற்கட்டுப் பொன்னுத்தாய் “மடம் உண்டது” என்று குரல் கொடுப்பாள். அதுவரை யாரும் எழக்கூடாது.

மத்தியானம் பதினொன்று கவிழ்ந்தன. எல்லோர் கையும் காய்ந்தது.

“என்ன வடிவக்கா, இன்னும் ரெண்டு படி உள்ளே போகுமோ?” என்றாள் ஒருத்தி. பந்தி சிரித்தது.

“மடம் உண்டதுன்னு சொல்லித் தொலையேன்,” என்றாள் ராஜாமணி.

“எப்படிச் சொல்ல? ஒருத்தி பாக்கி இருக்காளே,” என்றாள் பொன்னுத்தாய்.

குரு தலையசைத்தார். வடிவு கவிழ்த்தாள்.

சாயந்திரம் சபை கூடியது. அதற்கும் அதே குவளைகள்தாம். சம்மதமென்றால் கவிழ்க்க வேண்டும். ஒன்று நிமிர்ந்து நின்றாலும் யாரையும் அனுப்ப முடியாது. குருவுக்குக் குவளை கிடையாது. பிச்சம்மையுடையதை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் துணி மூட்டையோடு வாசலில் நின்றாள்.

பத்துக் குவளைகள் கவிழ்ந்தன.

“மறுபடியும் பசியா?” என்றாள் ராஜாமணி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பிச்சம்மை வடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு குவளையைக் கவிழ்த்தாள்.

“மடம் அனுப்பியது,” என்று பொன்னுத்தாய் குரல் கொடுத்தாள்.

எல்லோரும் கலைந்த பின் வடிவு குருவிடம் ஓடினாள்.

“மடமே அனுப்பிடுச்சே அம்மா. நான் ஒருத்தி என்ன செய்ய?”

குரு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“தைலம் தேய்ச்சதுல கால் வலி தேவலையா?”