நாலு மூலையிலும் ஆட்டம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது என்று தொடங்கினால், அது தேன் தேடிப் போனது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். தேன் தேடித்தான் போனது. ஆனால் வழியில் அதற்குக் கிடைத்தது ஒரு பிக்கப் வண்டி.

யாரோ காட்டோரம் விட்டுவிட்டுப் போன பழைய வண்டி. முன்னால் ஓட்டுபவர் உட்கார ஓர் அறை, பின்னால் சாமான் ஏற்ற ஒரு திறந்த தொட்டி. பெயிண்ட் எல்லாம் உதிர்ந்திருந்தது. கைப்பிரேக் வேலை செய்யவில்லை. மற்றபடி வண்டி ஓடியது. டீசலுக்கு என்ன செய்தது என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. கரடி வண்டி ஓட்டும் என்பதை நம்பிவிட்டவர்கள் அதையும் நம்பத்தான் வேண்டும்.

அந்தக் கரடிக்கு ஓர் ஆமை சிநேகம். தூக்கத்தில் அந்த ஆமையை மிஞ்ச ஆளே கிடையாது. அதற்குக் கடலில் ஒரு சித்தி இருந்தது. மாசி மாதம் பிறந்ததும் நாலைந்து நாள் மட்டும் சித்தி கரைக்கு வந்துபோகும். ஆமை அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நடந்தே போய்விடலாம் என்று இரண்டு தடவை கிளம்பியது. முதல் தடவை காட்டு எல்லையைத் தொடுவதற்குள் மாசி முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை வழியிலேயே தூங்கிவிட்டது.

"இந்த வண்டி மேல ஒரு வீடு கட்டுறேன். நீ உள்ள படுத்துக்கோ, ஆமையக்கா. மாசிக்குள்ள உன்னைக் கடல்ல கொண்டுபோய் விடுறது என் பொறுப்பு," என்றது கரடி.

சொன்னால் செய்கிற கரடி அது. அன்றைக்கே வேலையைத் தொடங்கியது. விழுந்த மரங்களை அறுத்துப் பலகை எடுத்தது. பலகை நகராமல் இருக்க ஆமை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, உட்கார்ந்தபடியே தூங்கியும் போனது. வீடு எழும்பியது. ஆனால் கனம் தாங்காமல் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொட்டது. கரடி பெருமூச்சு விட்டுவிட்டுச் சுவர்ப் பலகைகளை எல்லாம் பிரித்து, மூங்கில் தட்டி வைத்துக் கட்டியது. அடுத்து, வீடு உயரமாகிப்போய் மரக்கிளையில் இடித்தது. கூரையை ஒரு முழம் இறக்கியது. மழையில் ஒழுகிய இடங்களைத் தேன்மெழுகு வைத்து அடைத்தது. அடைத்ததைவிட நக்கியது அதிகம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கடைசியில் அழகான சின்ன வீடு ஒன்று நின்றது. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்க் குடம், பின்பக்கம் ஒரு கதவு. வீட்டைத் தொட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள நாலு மூலையிலும் நாலு கொக்கி போல்ட்டுகளை மாட்டியது கரடி. மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கினால் அவற்றைப் பிடித்திருக்கும் நட்டுகள் கழன்றுகொண்டே வரும். தினமும் பார்த்து இறுக்க வேண்டும்.

பார்ப்பதற்கு மரங்கொத்தி வந்தது. அலகால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், எது இறுக்கம், எது தளர்வு என்று சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடும். ஆனால் அது பேச்சில் மகா கஞ்சன். ஒரு சொல் போதும் என்கிற இடத்தில் அரைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கும்.

இறுக்குவதற்கு யார்? அங்கேதான் மயில் வந்து சேர்ந்தது. மயிலுக்கு ஆடத் தெரியும். ஆடுவதைத் தவிர வேறு எதையும் அது நினைத்ததும் இல்லை. தானும் கடல் பார்க்க வேண்டும் என்று கரடியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"வந்தா வேலை செய்யணும்," என்றது கரடி. ஒரு ஸ்பேனரைக் கயிற்றில் கோத்து மயிலின் கழுத்தில் மாட்டியது. "மரங்கொத்தி காலையில தட்டிப் பாத்து, எங்க ஆட்டம்னு சொல்லும். நீ அதைக் கவனிச்சுக்கணும்."

மயிலுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "ஆட்டம்னா என்கிட்ட விட்ருங்க அண்ணே. அதைக் கவனிக்க என்னைவிட ஆள் ஏது?"

கரடிக்கு வேலை ஆயிரம். சரி என்று போய்விட்டது. மயில் அந்த ஸ்பேனரைத் தோகையால் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது. இத்தனை அழகான பதக்கத்தை யாரும் அதற்குப் போட்டதில்லை.

பயணம் தொடங்கியது. கரடி வண்டியை ஓட்டியது. ஆமை கட்டிலில் படுத்த மறுகணமே தூங்கிவிட்டது.

முதல் நாள் வண்டி கல்லும் குழியுமான பாதையில் போனது. மறுநாள் காலை மரங்கொத்தி நாலு மூலையையும் தட்டிப் பார்த்தது.

"பின்பக்கம், வலது மூலை. ஆட்டம்," என்று சொல்லிவிட்டு எறும்பு தின்னப் பறந்துபோனது.

மயில் உடனே கூரைக்குத் தாவியது. பின்பக்கம் வலது மூலையில் போய் நின்றது. தோகையை விரித்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடியது. கூரை அதிர்ந்தது. கீழே அந்த நட்டு இன்னும் இரண்டு சுற்றுக் கழன்றது.

மரங்கொத்தி திரும்பி வந்து, ஆட்டம் முடிந்ததா என்று கேட்டது. பிரமாதமாக முடிந்தது என்றது மயில். நல்லது என்று மரங்கொத்தி முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. வண்டி கிளம்பியது.

அடுத்த நாள் காலையும் மரங்கொத்தி தட்டிப் பார்த்தது. அதற்கு முகம் மாறியது.

"நேத்தைவிட ஆட்டம் அதிகம்."

"எல்லாம் பயிற்சிதான்," என்றது மயில் அடக்கமாக.

மரங்கொத்திக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. என்ன பயிற்சி என்று கேட்டிருக்கலாம். கேட்க நாலு சொல் செலவாகுமே என்று, "இடது மூலையும்," என்பதோடு நிறுத்திக்கொண்டது. மயில் இரண்டு மூலையிலும் மாறி மாறி ஆடியது. உள்ளே ஆமை புரண்டு படுத்தது.

அதற்கடுத்த நாள் காலை நாலு மூலையும் சரியில்லை. "நாலு மூலையிலும் ஆட்டம். ரொம்ப," என்றது மரங்கொத்தி. அதன் கணக்கில் அது ஒரு பெரிய சொற்பொழிவு. மயிலோ பூரித்துப்போனது. ஒரே நாளில் நாலு மேடை யாருக்குக் கிடைக்கும்? மூச்சு வாங்க வாங்க நாலிலும் ஆடி முடித்தது.

அன்றுதான் அவர்கள் மலை ஏற வேண்டிய நாள். மலைக்கு அந்தப் பக்கம் கடல். மாசி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நேரமாகிவிட்டதே என்ற கவலையில் கரடி வேகமாகவே ஓட்டியது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, பின்னால் டங் என்று ஏதோ விழுந்தது. அடுத்து இன்னொரு டங். இன்னொன்று. வீடு தொட்டியிலிருந்து வழுக்கி ஒரு முழம் வெளியே வந்து, பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

கரடி இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றது. ஆனால் காலை எடுத்தால் வண்டியே பின்னால் உருண்டு பள்ளத்தில் போய்விடும். கைப்பிரேக்தான் இல்லையே. கரடியால் இறங்க முடியவில்லை. வீட்டுக்குள்ளே ஆமை.

மரங்கொத்தி பறந்துபோய்ப் பார்த்தது. மூன்று போல்ட்டுகள் சாலையில் கிடந்தன. முன்பக்கம் வலது மூலையில் ஒன்று மட்டும் இருந்தது. அதிலும் நட்டு கடைசி மூன்று மரையில் தொற்றிக்கொண்டிருந்தது.

"ஆட்டம்!" என்று கத்தியது மரங்கொத்தி. "முன் வலது! ஆட்டம்!"

மயில் கூரையில் திகைத்து நின்றது. இந்த நேரத்திலா, இந்த இடத்திலா என்று அதற்கே கொஞ்சம் சந்தேகம். இருந்தாலும் கரடி அண்ணன் நம்பிக் கொடுத்த பொறுப்பு. முன் வலது மூலைக்குப் போய் மயில் தோகையை விரித்தது.

மலைக்காற்று வந்து அந்தத் தோகையில் மோதியது. வீடு இன்னும் ஒரு சாண் நகர்ந்தது. மூன்று மரை இரண்டானது.

கரடி கண்ணாடியில் பார்த்தது. "டேய், அங்க என்னடா பண்றே?"

"ஆட்டம்னு சொல்றாங்களே அண்ணே," என்றது மயில். "மூணு நாளா சொன்ன இடத்துல எல்லாம் ஆடிட்டுத்தானே இருக்கேன்?"

மரங்கொத்திக்கு மூன்று நாள் காலையும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க அது நேரமில்லை. தன் வாழ்நாளில் பேசாத அளவுக்கு அது பேசியது.

"உன்னை ஆடச் சொல்லலை. அந்த போல்ட்டு ஆடுது. தோகையை மடக்கு. மெதுவாக் கீழ இறங்கு. உன் கழுத்துல தொங்குதே, அது ஸ்பேனர். அதை அந்த நட்டுல மாட்டி வலப்பக்கமாத் திருப்பு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் திருப்பிக்கிட்டே இரு. உள்ள ஆமையக்கா இருக்கா."

மயில் குனிந்து தன் பதக்கத்தைப் பார்த்தது. "இது இதுக்கா?" என்றது. வேறு எதுவும் கேட்கவில்லை. தோகையை மடக்கிக்கொண்டு இறங்கியது. ஸ்பேனரை அலகால் கவ்வி, நட்டில் மாட்டித் திருப்பியது. முதல் சுற்றில் ஸ்பேனர் நழுவியது. மறுபடி மாட்டியது. ஆட்டக்காரனின் கால்கள் அல்லவா, எங்கே ஊன்றினாலும் உறுதியாக நின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் மரங்கொத்தி நட்டைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டது.

"இன்னும். இன்னும் ஒரு சுத்து. போதும்."

வீடு நின்றது.

பிறகு மயில் இரண்டு பெரிய கற்களை உருட்டி வந்து பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தது. கரடி மெல்லக் காலை எடுத்தது. வண்டி அசையவில்லை. கரடி இறங்கி ஓடியது. தோளைக் கொடுத்து வீட்டை அதன் இடத்துக்குத் தள்ளியது. சாலையில் கிடந்த மூன்று போல்ட்டுகளையும் அவற்றின் நட்டுகளையும் பொறுக்கி மாட்டியது. மயில் அவற்றையும் இறுக்கியது. அதற்குள் கரடி கதவைத் திறந்துவிட்டது.

குடம் உடைந்து தண்ணீர் ஓடியிருந்தது. அடுப்பு கவிழ்ந்து கிடந்தது. கட்டிலில் ஆமை இல்லை.

"ஆமையக்கா," என்று கூப்பிட்டது கரடி. பதில் இல்லை. கட்டிலுக்கு அடியில் கை விட்டது. ஓடு தட்டுப்பட்டது. அதை வெளியே எடுத்தது. தலையும் இல்லை, காலும் இல்லை, வெறும் ஓடுபோல இருந்தது. அத்தனை பெரிய கரடி அழத் தயாராகிவிட்டது.

மரங்கொத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஓட்டை இரண்டு தட்டுத் தட்டியது. காது கொடுத்துக் கேட்டது.

"இறுக்கமா இருக்கு," என்றது.

ஓட்டுக்குள்ளிருந்து மெல்ல ஒரு தலை வந்தது. ஒரு கொட்டாவி விட்டது. "என்ன, கடல் வந்துருச்சா?"

கரடி அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டது. ஆமையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தது, சிரிப்பின் நடுவே மூக்கை உறிஞ்சியது. மயில் தள்ளி நின்று அழுதது. மரங்கொத்தி அதன் பக்கத்தில் போய், தப்பு உன்னுடையது மட்டும் இல்லை என்றது. அதற்கு அந்த வாக்கியமே தாராளம்.

அடுத்த நாள் காலை வண்டி புறப்படும் முன் மரங்கொத்தி தட்டிப் பார்த்து, "பின்பக்கம் இடது மூலை போல்ட்டு தளர்ந்திருக்கு, ஸ்பேனரால இறுக்கு," என்று முழுதாகச் சொன்னது. மயில், "பின்பக்கம் இடது மூலை. போல்ட்டை இறுக்கணும், நான் ஆடக் கூடாது," என்று திருப்பிச் சொல்லிவிட்டே இறங்கியது. கரடி அதைக் கேட்டுத் தலையாட்டிய பிறகுதான் சாவியைத் திருகியது.

அன்று சாயங்காலம் கடல் வந்தது. மணலில் ஆமையை இறக்கி விட்டார்கள். அலையோரமாக ஒரு பெரிய ஓடு மெல்ல மேலேறி வந்துகொண்டிருந்தது. ஆமை தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக வேகமாக நடந்தது. சித்தியும் அப்படியொன்றும் வேகமில்லை. இருவரும் சந்திக்க நேரமாகும் என்பதால் மற்றவர்கள் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மரங்கொத்தி எழுந்துபோய் நாலு மூலையையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தது. "நாலும் இறுக்கமா இருக்கு," என்றது. பிறகு மயிலைப் பார்த்து, "இப்ப ஆட்டம்," என்றது.

மயில் ஸ்பேனரைக் கையோடு கழற்றிக் கவ்விக்கொண்டது. "எந்த ஆட்டம்? தெளிவாச் சொல்லு."

"உன் ஆட்டம்தான். மணல்ல ஆடு, கூரையில வேண்டாம்," என்றது மரங்கொத்தி.

மயில் ஸ்பேனரைப் பத்திரமாகக் கரடியிடம் கொடுத்துவிட்டுத் தோகையை விரித்தது.

நீதி: சொல்பவர் விளங்கச் சொல்ல வேண்டும், கேட்பவர் விளங்கும்வரை கேட்க வேண்டும்.