அடைக்கோழி ஏறிய பல்லக்கு

முன்னொரு காலத்தில், மழை பெய்ய மறக்காத நாடு ஒன்று இருந்தது. அதை ஆண்ட அழகேச மன்னருக்கு ஓர் ஆசை தோன்றிவிட்டால் அடுத்த நொடியே அது நடந்தாக வேண்டும். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஒரு காலை, யானைமேல் கட்டும் அம்பாரியில் இப்போதே உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

அம்பாரி யானைக் கொட்டாரத்தின் இருண்ட மூலையில், தரைமேல் இருந்தது. மன்னர் படுதாவை விலக்கி உள்ளே கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் இழுத்துக்கொண்டார். புறங்கை சிவந்திருந்தது.

உள்ளே, பட்டு மெத்தைமேல் வைக்கோலைக் கூட்டிக்கொண்டு சாம்பல் நிறக் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. உடம்பை இரண்டு மடங்காக உப்பவைத்து, மன்னரைப் பார்த்துக் கேறியது.

பின்னால் நின்றிருந்த சடையாண்டி அவசரமாக எட்டிப் பார்த்தான். சபையைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. ஆனால் பதினேழு நாளாக அவன் வேறொரு வேலையும் பார்த்துவந்தான். வைக்கோல் வண்டியோடு எந்த ஊரிலிருந்தோ வந்து சேர்ந்த கோழி அது. நாளுக்கு ஒரு முறைதான் எழுந்து வெளியே வரும். அந்த நேரம் பார்த்துக் குருணையும் தண்ணீரும் வைப்பான். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க வைக்கோலுக்குள் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் செருகியிருந்தான். முட்டைகள் பன்னிரண்டு. பொரிக்க இன்னும் நாலே நாள்.

ஊர்வல அதிகாரி நல்லபெருமாள் முன்னே வந்தார். தாம் நாள் முழுக்கப் பணிந்து நின்றாலும் மன்னரின் முகம் சடையாண்டியைக் கண்டால்தான் மலர்கிறது என்பது அவருடைய நெடுநாளைய வருத்தம்.

"வேந்தே, நாளை மறுநாள் அம்பாரி யானைமேல் ஏற வேண்டும். இந்தக் கோழியை மடைப்பள்ளிக்கு அனுப்பிவிடலாம். முட்டைகளையும் சேர்த்து."

"அவை முட்டையாக இருந்தது போன வாரம், ஐயா," என்றான் சடையாண்டி. "இப்போது உள்ளே ஆள் இருக்கிறது."

மன்னர் கையைத் தடவிக்கொண்டார். "என்னை இதுவரை யாரும் கொத்தியதில்லை," என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "இதன் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. சடையாண்டி, உன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்."

"அப்படியே ஆகட்டும் வேந்தே," என்றார் நல்லபெருமாள். "ஆனால் அரசர் கையைக் கொத்திய கோழிக்கு ஒரு சோதனையாவது வேண்டாமா? நாளை உச்சிப் பொழுதில், கடைத்தெரு வழியாகக் கொண்டுபோகட்டும். கோழிமேல் கூடை கவிழ்க்கக் கூடாது, துணி போர்த்தக் கூடாது, கட்டக் கூடாது, கை வைக்கக் கூடாது. வழியில் அது முட்டையை விட்டு எழுந்தால் கோழி மடைப்பள்ளிக்கு, சடையாண்டி கோட்டைக்கு வெளியே."

வேடிக்கை என்றால் மன்னருக்குச் சர்க்கரை. "நல்ல சோதனை. அப்படியே செய்வோம்," என்று சொல்லிவிட்டார்.

அடைக்கோழியை இருட்டில்தான் இடம் மாற்றுவார்கள். இருட்டில் அதற்கு இடம் மாறியதே தெரியாது. பகலில் ஒரு நிழல் ஆடினாலும் எழுந்து ஓடிவிடும், முட்டை குளிர்ந்துபோகும். இது நல்லபெருமாளுக்கும் தெரியும். போதாததற்கு, திருவிழா ஒத்திகை என்று சொல்லி நாளை உச்சிப் பொழுதில் கடைத்தெருவில் பத்து மேளமும் வெடியும் ஏற்பாடு செய்திருக்கிறார் என்ற செய்தியும் மாலைக்குள் வந்து சேர்ந்தது.

சடையாண்டி வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மனைவி காமாயி விஷயத்தைக் கேட்டு வாயில் கை வைத்தாள்.

"நாலு நாள்ல பெத்தெடுக்கப் போற உசுரு. அதப் போயி உச்சி வெயில்ல, கடைத்தெரு வழியா, மேளம் கொட்டியா கூட்டிட்டு வருவாக? மன்னர் மக மாசமா இருந்தப்ப மட்டும் ஊரே மூச்சு விடல."

சடையாண்டி சுவரிலிருந்து மெல்லத் திரும்பினான். "காமாயி, அதை இன்னொரு தடவை சொல்லு."

மறுநாள் காலை அவன் ஓர் ஓலையோடு சபைக்கு வந்தான். "வேந்தே, மூன்றாண்டுக்கு முன் இளவரசியார் தாய்வீடு வந்தபோது தாங்கள் இட்ட ஆணை இது. இன்றும் நடப்பில் இருக்கிறது. வாசிக்கலாமா?"

மன்னர் தலையசைத்தார்.

"கோட்டைக்குள் பேற்றுக்குக் காத்திருக்கும் எந்தத் தாயும் தன் தாய்வீடு செல்ல அரண்மனைப் பல்லக்கைக் கேட்டுப் பெறலாம். பல்லக்கின் கனத்த திரைகள் இறக்கப்பட வேண்டும். அது போகும் தெருவில் மேளமும் வெடியும் கூடாது. நாய்களைக் கட்ட வேண்டும். ஒருவரும் உரக்கப் பேசலாகாது, சிரிக்கலாகாது. ஊர்வல அதிகாரி வெறுங்காலுடன் முன்னே நடந்து வழி செய்ய வேண்டும்."

நல்லபெருமாளின் முகம் மாறியது. "அது பெண்களுக்காகச் சொன்னது."

"ஆணையில் எந்தத் தாயும் என்று இருக்கிறது, ஐயா. அம்பாரியில் உட்கார்ந்திருப்பது சேவலா? குருணை வைத்துப் பார்த்துக்கொண்ட என் வீடுதான் அதற்குத் தாய்வீடு."

"துணி போர்த்தக் கூடாது என்று சொன்னேனே."

"கோழிமேல் ஒரு நூல்கூடப் படாது. திரை பல்லக்குக்கு."

மன்னர் ஓலையை வாங்கி இரண்டு முறை படித்தார். "எந்தத் தாயும் என்றுதான் இருக்கிறது, நல்லபெருமாள். செருப்பைக் கழற்றும்."

யானைப் பாகனும் சடையாண்டியுமாக மெத்தைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி, கோழி, முட்டை, வைக்கோல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிப் பல்லக்கில் வைத்தார்கள். கோழி ஒரு தரம் உறுமியது. திரை இறங்கியது. உள்ளே நல்ல இருட்டு. உறுமல் நின்றது.

கடைத்தெரு முனையில் பத்து மேளக்காரர்களும் குச்சியை ஓங்கியபடி நின்றார்கள். நல்லபெருமாள் சுடுமண்ணில் கால் மாற்றி மாற்றி ஓடிவந்தார்.

"அடிக்காதே. அடிக்காதேப்பா."

"சாமி, நீங்கதான சடையாண்டியப் பாத்ததும் அடின்னு ஆளனுப்புனீங்க?" என்றான் மூத்த மேளக்காரன்.

"நான்தான் சொன்னேன். இப்போதும் நான்தான் சொல்கிறேன். குச்சியைக் கீழே போடு. அந்த வெடியைத் தண்ணீரில் போடு."

வழியில் வளையல்காரி ஒருத்தி பல்லக்கின் அருகே வந்து சடையாண்டியிடம் கிசுகிசுத்தாள். "யாருங்க பிள்ளத்தாச்சி?"

"அரண்மனையிலதான் இவ்வளவு நாளும் இருந்தாக. இப்பத் தாய்வீட்டுக்கு."

"எத்தன மாசம்?"

"மூணு நாள்தான் இருக்கு."

"அடியாத்தே, இந்த நெலமையில வெறுங்கையாவா போறது?" என்று அவள் இரண்டு பச்சை வளையலை எடுத்துத் திரைக்குள் கைவிட்டாள். சடுதியில் கையை வெளியே எடுத்து விரலைச் சப்பினாள். "ரொம்பக் கோவக்காரப் பொண்ணா இருக்கும்போல."

"முதல் பேறு. பயம்."

"பாவம்," என்று அவள் வளையலைத் திரையோரமாக உள்ளே உருட்டிவிட்டாள்.

மாடத்தில் நின்று பார்த்த மன்னருக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. ஆணையோ அவருடையது. மேலாடையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தூணைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

பல்லக்கு காமாயியின் வாசலில் இறங்கியபோது மன்னரே பின்னால் வந்து சேர்ந்தார். எல்லோர் முன்னும் திரையை விலக்கினார். கோழி அசையவில்லை. ஒரு பச்சை வளையலையும் முட்டையோடு சேர்த்து வயிற்றுக்குள் இழுத்துவைத்து, அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தது. சடையாண்டி அப்போதுதான் மூச்சு விட்டான். நெல் குதிருக்குப் பின்னால் இருட்டாக ஓரிடம் தயாராக இருந்தது. பலகையோடு அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்.

அதற்கு மூன்றாம் நாள் பன்னிரண்டும் பொரித்தன. மன்னர் தட்டு நிறையச் சர்க்கரையோடு வந்தார். பின்னால் நல்லபெருமாளும், வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர்போல.

"வேந்தே வர வேண்டும். தாங்கள் சம்பந்தி வீட்டார்," என்றான் சடையாண்டி. "இவள் பதினெட்டு நாள் தங்கள் அம்பாரியில் குடித்தனம் நடத்தியவள்."

மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் மன்னருக்கு ஒன்றாக வெளிப்பட்டது. உட்கார இடம் தேடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சம்பந்தி, என்ன பரிசு வேண்டும் கேள்."

"இந்தப் பிள்ளைகள் யாரும் மடைப்பள்ளிப் பக்கம் போகக் கூடாது. அது போதும்."

"தந்தேன். இது உனக்கு," என்று மன்னர் தம் தோளிலிருந்த பொன்சரிகைச் சால்வையைக் கழற்றி நீட்டினார். சடையாண்டி வாங்குமுன் அதன் நுனி தரையில் பட்டது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதில் ஏறின. பின்னாலேயே தாயும் வந்து, சிறகை விரித்து, எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு சரிகைமேல் உட்கார்ந்தது.

மன்னர் கையிலிருந்த மறுநுனியை ஓசைப்படாமல் கீழே வைத்தார். "உனக்கு வேறு சால்வை அனுப்புகிறேன்," என்றார். அரண்மனை வாசல்வரை அவர் சிரித்துக்கொண்டே போனாராம்.

நல்லபெருமாள் மட்டும் வெகுநேரம் போகவில்லை. ஒரு குஞ்சு அவர் பாதத்தின்மேல் தூங்கிவிட்டது.