துரைக்கு இரைத்த கதை

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன்! இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் இன்றைக்கு என் குழம்பில் உப்பு கரையாமல் போகட்டும்.

கரட்டூர் மலையடிவாரத்தில் ஒரு மூச்சுப் பயிற்சி மடம். குரு வேலப்ப சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் தெய்வசிகாமணியோ அறுபதைத் தாண்டியவர். அரிசி மில்லை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு உபதேசம் வாங்காமல் நகர்வதில்லை என்று வந்து உட்கார்ந்திருந்தார். கேட்கும்போதெல்லாம் சாமி, "பார்க்கலாம்" என்பார்.

ஒரு கத்திரி வெயில் மத்தியானம். சாமி வெளியே போயிருந்தார். மடத்து நாய் துரை, ஆடுகளை விரட்டிவிட்டு வந்து வாசலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

தெய்வசிகாமணிக்குப் புல்லரித்துவிட்டது. பஸ்திரிகை! எத்தனை பழகியும் தமக்குப் பிடிபடாத அந்தத் துருத்தி மூச்சு நாய்க்குக் கைகூடிவிட்டதே!

துரையைத் தூக்கிப்போய்த் தகரக் கூரை மண்டபத்தில் உட்கார்த்தினார். சால்வை போர்த்தினார், மாலை போட்டார், எழுந்து ஓடாதபடி கதவைச் சாத்தினார். அதற்குள் பாதி ஊர் உள்ளே வந்திருந்தது. துரை விட்ட மூச்சில் தட்டிலிருந்த விபூதி பறந்து, அத்தனை பேர் நெற்றியிலும் தானே பூசிக்கொண்டது. நெற்றியைத் துடைத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

"வேகம் கூடுது பாருங்க! மேல் நிலைக்குப் போகுது!" என்றார் தெய்வசிகாமணி.

நாக்கு ரத்தச் சிவப்பாயிற்று. எச்சில் நூல் நூலாக வடிந்தது. கால்கள் தள்ளாடி, துரை சரிந்தது.

"சமாதி!" என்று தெய்வசிகாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது. சாமி.

"சமாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல, மில்லுக்காரரே. உள்ளுக்குள்ள வேகுது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். அதுக்கு இரைச்சாத்தான் சூடு இறங்கும். இந்த அடுப்புக்குள்ள எப்படி இறங்கும்?"

சால்வையை உருவி எறிந்தார். நாயை வேப்பமர நிழலுக்குத் தூக்கிப்போய், வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் தண்ணீர் ஊற்றினார்.

"ஐஸ்கட்டி வாங்கியாரட்டுமா சாமி?"

"வேண்டாம். சாதாத் தண்ணி போதும். நீங்க விசிறுங்க."

"வாயில கொஞ்சம் ஊத்தினா?"

"மயக்கத்துல கிடக்கு, புரையேறிடும். முழிச்சா அதுவே குடிக்கும். யாராவது ஆட்டோ கூப்பிடுங்கப்பா, மாட்டாஸ்பத்திரிக்குப் போகணும்."

தெய்வசிகாமணி விசிறினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "செத்துருமா சாமி?"

"விசிறுங்க."

ஆட்டோ வருவதற்குள் துரை கண் திறந்தது. இரைப்பு கொஞ்சம் இறங்கியது. கிண்ணத்தில் இரண்டு நக்கு நக்கியது. மடியில் அதைக் கிடத்திக்கொண்டு சாமி ஆட்டோவில் ஏறினார். பக்கத்தில் விசிறியோடு தெய்வசிகாமணி. பாதி வழியில் அவருக்கு மனசு லேசாகிவிட்டது. மெல்லக் கையைக் கூப்பினார்.

"சாமி... இன்னிக்காவது எனக்கு அந்த உபதேசம்..."

சாமி நாயின் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விசிறி நின்னு போச்சு பாருங்க."

இந்தக் கதையைச் சொன்னது யார் என்று மட்டும் எவரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த மடத்தில் எனக்கு இன்னும் மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள்.