குளத்துல கிடந்த பசி

கரடி சடைச்சிக்கு வயித்தைத் தைச்சது ஒரு தையல்சிட்டு.

சிரிக்காதீங்க. எலையை மடிச்சு, நாரை இழுத்து, காத்தடிச்சாலும் பிரியாத கூடு தைக்கிற சிட்டுக்கு ஒரு வயித்தைத் தைக்கத் தெரியாதா? முள்ளம்பன்றி முள்ளுதான் ஊசி. சிலந்தி இழைதான் நூல். மயக்க எலையை மென்னுட்டுப் படுத்தா சடைச்சி. முழிச்சுப் பார்த்தப்போ, உள்ள பானை மாதிரி இருந்த இரைப்பையை வெட்டிக் கைப்பிடி அளவாத் தைச்சிருந்துச்சு.

ஏன் தைச்சுக்கிட்டா? போன கோடையில காட்டுல தீப்பிடிச்சுது. எல்லாரும் ஆத்துப்பக்கம் ஓடுனாங்க. ஆத்துக்குப் போற வழியில ரெண்டு பாறை, நடுவுல ஒரு சந்து. அந்தச் சந்துல சடைச்சி மாட்டிக்கிட்டா. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் வர முடியல. தன் முதுகு மயிர் பொசுங்குற வாசனை தன் மூக்குக்கே வந்துச்சு. கடைசி நேரத்துல காத்து திசை மாறுனதால பொழைச்சா. அதுக்கு முன்னாடி அவ பட்டினி கிடக்காத மாசமா? ஏறி இறங்காத மலையா? இளைச்சதெல்லாம் வட்டியோட திரும்பி வந்து ஒட்டிக்கிச்சு. அதனாலதான் சிட்டுகிட்ட போனா.

சிட்டு கண்டிஷனாச் சொன்னுச்சு.

"இங்க பாரு சடைச்சி! மொதல்ல கரையான். அதுதான் உனக்குத் தெம்பு. ஒரு பிடிதான் திங்கணும். உக்காந்து, என்ன திங்குறோம்னு பார்த்து, கூழாகுற வரைக்கும் மெல்லணும். திங்குறப்போ தண்ணி கூடாது. தேன் பக்கம் தலைவச்சும் படுக்காத!"

"மீறுனா?"

"வயிறு முட்டுனா தையல் பிரியும். பிரிஞ்சா நீ செத்த. இன்னொரு தடவை தைக்க என்னால ஆகாது!"

"சரிக்கா. வெட்டி எடுத்த மிச்ச வயிறு எங்க?"

"அல்லிக்குளத்துல போட்டுட்டேன். மீன் தின்னுட்டுப் போகுது."

மீன் தின்னல.

மீனெல்லாம் குளத்தை விட்டே போயிருச்சு. வாய்க்கால் வழியா, சேத்துல உடம்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு, பக்கத்துக் குட்டைக்குப் போனதை நாரை பார்த்துச்சு. ராவும் பகலும் கத்துற தவளைங்க ஒருநாள் சட்டுனு நிறுத்திருச்சு. அல்லிப்பூ மட்டும் வழக்கத்தைவிடப் பெருசாப் பூத்துச்சு. ஆனா அதுல ஒரு வண்டு உக்காரல.

சடைச்சி இளைச்சா. இளைச்சது சந்தோஷம்தான். ஆனா யாரும் சொல்லாத விஷயம் எத்தனையோ இருந்துச்சு. கொத்துக் கொத்தா மயிர் கொட்டுச்சு. சடைச்சின்னு பேரை வச்சுக்கிட்டு முதுகுல திட்டுத்திட்டாத் தோல் தெரிஞ்சா எப்படி இருக்கும்? வெயில்லயும் குளிருச்சு. தோல் தொளதொளன்னு தொங்குச்சு. வேற யாரோ பெரிய ஆளோட சட்டையை எடுத்து மாட்டிக்கிட்ட மாதிரி. நடந்தா அந்தத் தோல் அவளுக்குப் பின்னாடி ஒரு நொடி தாமசமா வந்துச்சு.

அந்தப் பாறைச் சந்தை மட்டும் அவ சுத்திக்கிட்டே போனா. இப்போ ரெண்டு சடைச்சி சேர்ந்தே நுழையலாம். ஆனாலும் பக்கத்துல போனாலே பொசுங்குற வாசனை வந்துச்சு.

குரங்கு வாலன் மரத்துல தொங்கிக்கிட்டே கேட்டான். "யக்கா! ஓடியாடி இளைக்கத் துப்பில்லாம தையல் போட்டுக்கிட்டியாமே? குறுக்கு வழி!"

"குறுக்கு வழியா? நீ வா! ஒரு பலாச்சுளையை ஒரு பொழுது பூரா மென்னு காட்டு. அப்புறம் பேசு!"

வாலன் அடுத்த மரத்துக்குத் தாவிட்டான். அவன் வாழ்நாள்ல எதையும் மென்னதே கிடையாது. அவன்தான் அடுத்தவ வயித்துக்கு நியாயம் பேச வந்துட்டான்.

ஒருநாள் உச்சிப்பொழுது. காத்து அசையல. நிழலெல்லாம் காலுக்கடியில சுருண்டு கிடந்துச்சு. சடைச்சி அல்லிக்குளத்துல தண்ணி குடிக்கக் குனிஞ்சா.

தண்ணிக்குள்ள ஒரு குண்டுக் கரடி தெரிஞ்சுது.

அடர்த்தியா மயிர். பானை வயிறு. அவளேதான். தையல் போடுறதுக்கு முன்னாடி இருந்த அவ. இவ வாயை மூடித்தான் வச்சிருந்தா. தண்ணியில இருந்தவ வாயைத் திறந்தா.

"பசிக்குதுடி."

சடைச்சிக்கு மிச்சமிருந்த மயிரெல்லாம் நட்டுக்கிச்சு. "யா... யாரு நீ?"

"என்னையே கேக்குறியா? உனக்கு இப்பல்லாம் பசிக்குதா?"

யோசிச்சுப் பார்த்தா சடைச்சி. பசிக்கல. தையல் போட்டதுலேர்ந்து பசியே இல்ல.

"உனக்கு எப்படிப் பசிக்கும்? உன் பசியெல்லாம் இங்க எங்கிட்டல்ல கிடக்கு! ஏதாச்சும் போட்டுட்டுப் போடி!"

சடைச்சி பயத்துல கையில இருந்த கரையான் பொட்டலத்தை அப்படியே தண்ணியில போட்டுட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓடுனா. தண்ணியில விழுந்த சத்தமே கேக்கல.

அதுதான் அவ பண்ணுன தப்பு.

மறுநாளும் போனா. போகலைன்னா அந்தக் குரல் குகைக்கே கேட்டுச்சு. போட்டுட்டா அமைதியாச்சு. 'எனக்குத்தான் பசிக்கலையே, இதுக்காச்சும் போட்டுத் தொலைவோம்'னு நினைச்சா. தனக்குன்னு வச்ச ஒரு பிடியையும் கொண்டுபோய்க் கொட்டுனா. கொட்டுறப்போ கண்ணை மூடிக்குவா. அதோட முகத்தைப் பார்க்க அவளால முடியல.

இவ வத்த வத்த, அது ஊதிக்கிட்டே வந்துச்சு. மொதல்ல ஆழத்துல கிடந்துச்சு. அப்புறம் அல்லிக்கொடி உசரத்துக்கு வந்துச்சு. அப்புறம் தண்ணியோட மேல்தோலை மூக்கு தொடுற அளவுக்கு வந்துருச்சு.

சிட்டு பார்த்துட்டுப் பதறுச்சு. "ஏண்டி, கால் ஏன் நடுங்குது? கரையான் திங்குறியா இல்லையா?"

"திங்குறேங்கா."

பொய். சிட்டு நம்பல. ஒரு எலையில கரையானை மடிச்சு அவ கையில திணிச்சுச்சு. "என் கண்ணு முன்னாடியே திங்க வச்சிருப்பேன். முட்டை மேல உக்காரணும், நேரமில்ல. தின்னுருடி! தையல் பிரிஞ்சாதான் சாவுன்னு நினைக்காத. திங்காமக் கிடந்தாலும் சாவுதான்!"

அந்த நேரம் பார்த்து இலுப்பைப்பூ விருந்து வந்துச்சு.

அந்தக் காட்டுல அது பெரிய விசேஷம். இலுப்பை மரத்தடி காட்டுப்பன்றி பெருமாயிக்குச் சொந்தம். உதிர்ந்த பூவை அவளே உருண்டை பிடிச்சு, அவ கையாலேயே எல்லாருக்கும் ஊட்டிவிடுவா. எலை காலியாகுற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. யாராச்சும் மிச்சம் வச்சா அடுத்த வருசம் மரம் பூக்காதுன்னு ஒரு நம்பிக்கை.

"வாடி கண்ணு! ஐயோ, என்னடி இப்படி வத்தலாயிட்ட! உக்காரு!" சடைச்சி எலையில உருண்டை மலை மாதிரி குவிஞ்சுது.

"அத்தை, எனக்கு ஒண்ணு போதும். தையல் போட்டிருக்கு."

"எந்தச் சிறுக்கி சொன்னா? ஒரு வாய் கூடத் தின்னா ஒண்ணும் ஆகாது! என் கையால ஊட்டுறேன், வேண்டாங்குறியா? மரம் பட்டுப்போனா நீ பதில் சொல்லுவியா?"

இந்த அன்பு இருக்கே, இதைவிட நரியோட சூழ்ச்சியே தேவலாம். நரிகிட்டேர்ந்து ஓடியாச்சும் தப்பிக்கலாம்.

எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. சடைச்சி ஒரு உருண்டையை முழுங்குனா. தேனை விடத் தித்திப்பு. கொஞ்ச நேரத்துலயே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. குப்புன்னு வேர்த்துச்சு. மரமெல்லாம் சுத்துச்சு. தைச்ச இடம் விண்ணுவிண்ணுன்னு தெறிச்சுது.

இன்னொண்ணு இறங்குனா பிரிஞ்சுரும்னு அவளுக்குத் தெரிஞ்சுது. ஆனா பெருமாயி கை நிக்கல. சடைச்சி என்ன பண்ணுனா தெரியுமா? வாயில வாங்குற மாதிரி வாங்கி, யாரும் பார்க்காதப்போ தொங்குற தோல் மடிப்புக்குள்ள ஒவ்வொண்ணாச் செருகிக்கிட்டா. எலை காலி. எல்லாரும் கைதட்டுனாங்க. உடம்பெல்லாம் பிசுபிசுன்னு உருண்டையைச் சுமந்துக்கிட்டு, அவ தள்ளாடித் தள்ளாடிக் குளத்துக்கு வந்தா.

உச்சிப்பொழுது.

"வந்துட்டியா!" அது தண்ணிக்கு வெளியே பாதி முகத்தை நீட்டியிருந்துச்சு. கண்ணு ரெண்டும் சிமிட்டல.

சடைச்சி மடிப்பிலேர்ந்து உருண்டைங்களை உருவி உருவிப் போட்டா. அது எல்லாத்தையும் முழுங்குச்சு. அப்புறம் நாக்கைச் சுழட்டிக்கிட்டு அவளையே உத்துப் பார்த்துச்சு.

"அதையும் கொடு."

"எதை? எல்லாம் போட்டுட்டேன்!"

"அந்தத் தோலு. அது என் அளவு. உனக்குத்தான் தொளதொளங்குதே! கழட்டிக் கொடுத்துட்டு நீ இங்க வந்து கிட."

தண்ணியிலேர்ந்து ஒரு கை வந்து அவ வயித்துத் தோலைக் கொத்தாப் பிடிச்சுது. சில்லுன்னு இருந்துச்சு. சேறு மாதிரி மெத்துன்னு இருந்துச்சு. இழுத்துச்சு.

பழைய சடைச்சியா இருந்தா ஒரு யானை இழுத்தாலும் அசைஞ்சிருக்க மாட்டா. இப்போ ஒழுங்காத் தின்னே பல நாளாச்சு, கனமும் இல்ல, தெம்பும் இல்ல. முன்னங்கால் வழுக்கித் தண்ணிக்குள்ள போச்சு. குளிர் முட்டி வரைக்கும் ஏறுச்சு.

அது குழைவாச் சொன்னுச்சு. "கடைசி உருண்டை ஒண்ணு உன் மடிப்புல இருக்கு பாரு. தின்னு! கனம் ஏறும். அப்புறம் என்னால இழுக்க முடியாது!"

சடைச்சி கை மடிப்புக்குப் போச்சு. உருண்டை இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே, சிட்டு கொடுத்தப்போ திங்காமச் செருகி வச்ச கரையான் பொட்டலமும் இருந்துச்சு. உருண்டையைத் தின்னா தையல் பிரியும். தின்னலைன்னா குளம். ரெண்டும் அதுக்கு லாபம். அது சிரிச்சுது.

அப்போதான் சடைச்சி முதல் தடவையா கண்ணைத் திருப்பாம அதோட முகத்தை நேராப் பார்த்தா.

கடைவாயில அந்தப் பழைய தழும்பு. தேனெடுக்கப் போய்க் கிளை முறிஞ்சு விழுந்த தழும்பு. காதோரம் தீயில பொசுங்குன இடம். அழுதா சுருங்குற அதே மூக்கு. பேயா இது? இல்ல. இவளேதான். இவ தண்ணியில பார்க்குற இவளோட முகம்.

'என் முகம்னா, நான் பண்ணுறதைத்தானே அதுவும் பண்ணணும்?'

சடைச்சி பின்வாங்கல. அந்தச் சேத்துலயே சப்பணம் போட்டு உக்காந்தா. உருண்டையைக் கரையில தூக்கி வீசுனா. கரையான் பொட்டலத்தைப் பிரிச்சா. ஒரு கிள்ளு எடுத்து வாயில வச்சா. அதோட முகத்தையே பார்த்துக்கிட்டு மென்னா.

தண்ணியில இருந்ததோட தாடை அசைஞ்சுது.

"என்னடி பண்ணுற? நிறுத்து!"

 வாயில தீனி இருக்கிறப்போ என்ன பேச்சு? மென்னா. கூழாகுற வரைக்கும் மென்னா. அதுக்கும் வேற வழியில்ல. மென்னுச்சு. முழுங்குனா. அதோட தொண்டையும் ஏறி இறங்குச்சு. வாழ்க்கையில முதல் தடவையா அது ஒரு வாயை முழுசா மென்னு முழுங்குச்சு. பிடிச்சிருந்த பிடி லேசாத் தளர்ந்துச்சு.

இன்னொரு கிள்ளு. இன்னொண்ணு. ஒரு பிடி முடிஞ்சுது. மென்னு கூழா இறங்குனதால தையல் தெறிக்கல. தைச்ச வயிறு இதமா, கனமா இருந்துச்சு. சடைச்சி எலையை மடிச்சுக் கீழ வச்சா.

"போதும்."

தண்ணிக்குள்ளேர்ந்து, ரொம்பக் கஷ்டப்பட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு அதுவும் சொன்னுச்சு. "போ... தும்."

கை விட்டுருச்சு.

குளத்துல எங்கேயோ ஒரே ஒரு தவளை கத்துச்சு.

மறுநாள் சடைச்சி பெருமாயி வீட்டுக்கு நேராப் போனா. "அத்தை! நேத்து நான் திங்கல. தோலுக்குள்ள ஒளிச்சு வச்சேன். இனிமே ஒளிக்க மாட்டேன். வருவேன், உக்காருவேன், உங்களோட சிரிப்பேன். எலையில ஒரு பிடி கரையான்தான் வைக்கணும். மரம் பூக்கலைன்னா வந்து என்னைக் கேளுங்க!"

பெருமாயி வாலைச் சுருட்டிக்கிட்டுக் குதிச்சா, அழுதா, ஊரைக் கூட்டுனா. அடுத்த வருசம் மரம் எப்பவும் போலப் பூத்துச்சு. பூக்காம என்ன பண்ணும்? மரத்துக்கு வேற வேலை இல்லையா, யார் எலையில என்ன மிச்சம்னு எட்டிப் பார்க்க?

அந்த விருந்துல பெருமாயி ஒரு பிடி கரையானைச் சடைச்சி எலையில வச்சா. "எனக்குப் பிடிக்கலடி"ன்னு சொல்லிக்கிட்டேதான் வச்சா. ஆனா வச்சா.

அன்னைக்குத் திரும்பி வர்றப்போ சடைச்சி பாறைச் சந்துகிட்ட நின்னா. பொசுங்குற வாசனை வந்துச்சு. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள நுழைஞ்சா. ரெண்டு பக்கமும் பாறை அவளைத் தொடவே இல்ல. பின்னாடி தாமசமா வந்த தோல் மட்டும் லேசா உரசுச்சு.

அந்தப்பக்கம் வெளியே வந்தப்போ, குளத்துப் பக்கமிருந்து மெல்லிசா ஒரு குரல் கேட்டுச்சு.

"பசிக்குதுடி."

"தெரியும்! உச்சிக்கு வர்றேன். சேர்ந்து திம்போம்!"

வயித்தைச் சின்னதாக்க ஒரு சிட்டு போதும். ஆனா தன் பசியோட முகத்தைப் பார்த்து, பக்கத்துல உக்காந்து, 'போதும்'னு சொல்றதை அவங்கவங்கதான் தினந்தினம் பழகிக்கணும்.